இடித்த இரண்டு சுவர், இடிக்காத ஒரு சுவர்: பெருங்குடி ஃப்ளாட் ஒன்றின் கதை

வீடு சென்னை பெருங்குடியில், நான்காவது மாடி. பத்திரத்தில் 1,240 சதுர அடி. உள்ளே டேப் வைத்து அளந்தால் 930 தான் வந்தது. மிச்சமெல்லாம் படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் என்று ஊரோடு பங்கு போட்டுக்கொண்ட இடமும் சுவர்களின் தடிமனும். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்துக்குப் பிறகு கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பைச் சொல்லித்தான் ஃப்ளாட் விற்க வேண்டும். இந்தக் கட்டடம் அதற்கு முந்தியது. ஆகவே வீட்டுக்காரர் மனதில் 1,240 இருந்தது, வீட்டை மாற்றியமைக்கப் போன என் நோட்டில் 930 இருந்தது. முதல் சந்திப்பில் பாதி நேரம் இதைச் சமாதானப்படுத்துவதிலேயே போனது.

மூன்று படுக்கையறை. நுழைந்ததும் நீளவாக்கில் ஹால், அதன் கடைசியில் டைனிங், அதையொட்டி கிச்சன். ஹாலுக்கு நேரடியாக ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. கிழக்குப் பக்கம் வெளிச்சம் வரும் இடத்தில் ஒரு சின்ன அறை உட்கார்ந்திருந்தது. அதில் பழைய சூட்கேஸ்கள், ஓடாத டிரெட்மில், கொலு பொம்மை அட்டைப்பெட்டிகள். காலை பத்து மணிக்கு டைனிங் டேபிளில் டியூப்லைட் எரிந்தது. வீட்டிலேயே நல்ல வெயில் அந்த டிரெட்மில்லின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

கணவன் மனைவி இருவரும் ஐ.டி. மகள் எட்டாம் வகுப்பு. கணவருடைய அம்மாவுக்கு 71 வயது, தஞ்சாவூர்ப் பக்கம். அவர்கள் காட்டிய படங்கள் எல்லோரும் காட்டுவதுதான்: வெள்ளைச் சுவர், கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, ஒரு நாற்காலி, ஒரு செடி. மனிதர் யாரும் இல்லை. மூன்று சுவர்களை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்று, ஹாலுக்கும் அந்தச் சின்ன அறைக்கும் நடுவில் உள்ளது. இரண்டு, கிச்சன் சுவர். மூன்று, பாட்டியும் பேத்தியும் படுக்கும் அறையின் ஹால் பக்கச் சுவர்.

கடைசியில் இரண்டைத்தான் எடுத்தோம்.

நாலு கலர் பென்சில்

பிளான் போடுவதற்கு முன்னால் நான் ஒரு காகிதத்தில் 24 கட்டம் போட்டு, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கலர் கொடுத்து, எந்த மணிக்கு எங்கே இருக்கிறார்கள் என்று நிரப்பச் சொல்வேன். பெரும்பாலோர் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள். இந்த வீட்டில் நிரப்பி முடித்ததும் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை.

பாட்டி காலை 5 மணிக்கு எழுந்து காபி போடுகிறார். கிச்சனில் பாத்திரச் சத்தம். அதே நேரம் மகள் தூங்குகிறாள். மனைவிக்கு அமெரிக்க ஆட்களோடு ஆபீஸ் கால், மாலை 6.30 முதல் 9.30 வரை. அதே 6.30-க்குப் பாட்டிக்கு சீரியல். 8 மணிக்குத் தோசை, அதாவது கிச்சனில் மிக்ஸியும் சட்னித் தாளிப்பும். 9 மணிக்குப் பாட்டி படுத்துவிடுகிறார். கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அவர் இதுவரை படுக்கையின் ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார், முதுகு வலியோடு.

சுவரை எடுத்தால் வெளிச்சம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடவே எந்தச் சத்தம் வரும், எந்த வாசனை வரும், எத்தனை மணிக்கு வரும் என்பதைக் காகிதத்தில் பார்த்தால்தான் உறைக்கிறது. இந்த வீட்டில் எங்கே கண்ணாடி, எங்கே செங்கல் என்பதைத் தீர்மானித்தது அந்தக் காகிதம்தான். என் அழகுணர்ச்சிக்கு அதில் பெரிய வேலை இருக்கவில்லை.

மூன்றாவது சுவர் விஷயத்தில் காகிதம்கூடத் தேவைப்படவில்லை. பாட்டியே முடித்துவிட்டார். மகனும் மருமகளும் பால்கனிக்குப் போன சமயம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்கு சுவர் வேணும். ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்சு பாத்ரூம் போறேன்னு எல்லாருக்கும் தெரியணுமா?"

"திரை போட்டுக்கலாம்மா."

"திரை போடணும்னா அப்புறம் கண்ணாடி எதுக்கு?"

இந்தக் கேள்விக்குக் கட்டடக் கலையே இன்னும் சரியான பதில் சொன்னதில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் பிளானோவில், ஆற்றங்கரையில், மீஸ் வான் டெர் ரோ கட்டிய ஃபார்ன்ஸ்வொர்த் வீடு 1951-இல் முடிந்தது. நாலு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. உள்ளே ஒரே அறை; நடுவில் மரப் பலகை போட்ட ஒரு பெட்டிக்குள் கிச்சன், குளியலறை, கணப்பு எல்லாம் அடக்கம். இன்றைக்கு நம் ஆட்கள் காட்டும் படங்களுக்கெல்லாம் அது ஒரு பெரியப்பா மாதிரி. அதில் குடியிருந்த டாக்டர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த், வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று யோசிக்காமல் ஒரு துணி ஹேங்கரைக்கூட மாட்ட முடியவில்லை, சிங்க்குக்குக் கீழே குப்பைத் தொட்டி வைக்க முடியவில்லை என்று புலம்பினார். செலவுத் தகராறு முற்றி இருவரும் கோர்ட்டுக்கே போனார்கள். எழுபத்தொரு வயதுத் தஞ்சாவூர்ப் பாட்டி அந்தக் கேஸ் கட்டைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் விஷயம் அதுவேதான்.

பாட்டி அறையின் செங்கல் சுவர் அப்படியே நின்றது. இந்த வேலையில் நான் எடுத்த நல்ல முடிவு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். முடிவெடுத்தது நான் இல்லை என்பது வேறு விஷயம்.

இடிக்கலாமா

சென்னையில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்திய அடுக்குமாடிகள் பெரும்பாலும் தூண், பீம் போட்டுக் கட்டியவை. பாரம் தூணில் இறங்குகிறது. நடுவில் உள்ள 4.5 அங்குலச் செங்கல் சுவர் வெறும் அடைப்பு. அதை எடுக்கலாம். ஆனால் இப்போது ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் எழும் உயரமான கட்டடங்களில் பலவும் மைவான் என்று சொல்லும் அலுமினிய ஷட்டரிங்கில் ஊற்றியவை. அங்கே அறைக்கு நடுவில் நிற்கும் சுவரும் கம்பி போட்ட கான்கிரீட். கட்டடத்தின் எடையைத் தாங்குவதே அதுதான். அதில் சுத்தியலை வைக்கவே கூடாது. தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும் என்று மேஸ்திரிகள் சொல்வார்கள், தெரியும்தான். இருந்தாலும் ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் வந்து பார்த்து எழுத்தில் கொடுக்காமல் நான் எந்தச் சுவரையும் தொடுவதில்லை. இங்கே என்ஜினீயர் வந்தார், பழைய பிளானில் தூண்களை எண்ணினார், இரண்டு சுவருக்கும் மேலே பீம் ஓடுவதைக் காட்டினார், எழுதிக் கொடுத்தார். அசோசியேஷன் என்.ஓ.சி.க்கு மூன்று வாரம் ஆனது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இடித்த பிறகுதான் சுவர் எத்தனை வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. சின்ன அறைச் சுவரில் இரண்டு சுவிட்ச் போர்டு, காலிங் பெல், இன்டர்நெட் வயர், ஏசியின் செம்புக் குழாய். கண்ணாடிக்குள் பைப் புதைக்க முடியாது, சுவிட்ச் வைக்க முடியாது. எல்லாவற்றையும் பக்கச் சுவருக்கு மாற்றினோம். எலெக்ட்ரீஷியனின் பில் நான் முதலில் சொன்னதைத் தாண்டிப் போனது இதனால்தான். அப்புறம் அந்தச் சுவரில் ஒரு காலண்டர், தாத்தாவின் போட்டோ, சாவி மாட்டும் கொக்கி. ஒரு சுவர் போனால் ஆணி அடிக்கும் இடமும் போகிறது. தாத்தா இப்போது பாட்டி அறையில் இருக்கிறார்.

தரையிலும் ஒரு தழும்பு. சுவர் நின்ற இடத்தில் டைல்ஸ் இருக்காது. ஐந்து அங்குல அகலத்துக்கு வெறும் சிமெண்ட். பத்து வருடம் ஆன அதே டைல்ஸ் கடையில் கிடைக்காது. பலர் இதற்காக மொத்தத் தரையையும் பெயர்த்துப் போடுகிறார்கள். நாங்கள் அந்த இடத்தில் கறுப்பு கிரானைட் பட்டி ஒன்றைப் பதித்தோம். அதன் மேல்தான் கண்ணாடிச் சட்டம் உட்காரும். பார்ப்பவர்களுக்கு முதலிலேயே யோசித்துச் செய்ததுபோல் இருக்கும். இந்தப் பட்டி எனக்கு ஒரு பாடம் நடத்தியது, அது கொஞ்சம் பின்னால்.

எந்தக் கண்ணாடி

கண்ணாடி வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000-ஆம் ஆண்டிலிருந்து ஃப்ளோட் கண்ணாடி வார்க்கிறது. உருகிய கண்ணாடிக் குழம்பை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு எடுப்பதால் அந்தப் பெயர். ஓரத்தில் பார்த்தால் தெரியும் பச்சை, மணலில் உள்ள இரும்பு. அது வேண்டாம் என்றால் இரும்பு குறைத்த எக்ஸ்ட்ரா கிளியர் வாங்க வேண்டும், விலை கூட. கறுப்புச் சட்டத்துக்குள் ஓரம் மறைந்துவிடும்போது அதற்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

வீட்டுக்குள் ஆள் நடமாடும் இடத்தில் சாதாரணக் கண்ணாடி கூடாது. இது என் கருத்து மட்டுமல்ல; பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ். 2553 என்று தனித் தரநிர்ணயமே இருக்கிறது. டஃபன்டு என்பது 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக ஊதிச் சட்டென்று குளிரவைத்த கண்ணாடி. சாதாரணத்தைவிட நாலு மடங்கு பலம். உடைந்தாலும் கத்தி மாதிரி சீவாமல் கற்கண்டு மாதிரி உதிரும். அதன் பலவீனம் ஓரத்தில்: நடுவில் குத்தினால் தாங்கும், மூலையில் ஒரு ஸ்பேனர் பட்டால் மொத்தமும் போய்விடும். இன்னொன்று, அபூர்வமாக யாரும் தொடாமலே தானாக வெடிக்கும். உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துணுக்கு மெதுவாகப் பெருப்பதால் வரும் வினை. ஆலையிலேயே மறுபடி சூடேற்றிச் சோதிக்கும் ஹீட் சோக் முறையில் அப்படிப்பட்ட பலகைகள் அங்கேயே வெடித்துத் தொலையும். கேட்டால்தான் செய்து தருவார்கள்.

இந்த வீட்டில் சத்தம்தான் பெரிய எதிரி. அதனால் வேலை பார்க்கும் அறையாக மாறும் சின்ன அறைக்கு ஒற்றை டஃபன்டு போடாமல், இரண்டு 6 மி.மீ. டஃபன்டு பலகைகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் எடுத்தோம். உடைந்தாலும் படலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒலியையும் கொஞ்சம் கூடுதலாக அடக்கும். கொஞ்சம்தான். பூசிய செங்கல் சுவர் தடுக்கும் அளவைவிட 10 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி ஏறக்குறைய 10 டெசிபல் குறைவாகவே தடுக்கிறது. 10 டெசிபல் என்றால் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரியும். லேமினேட்டட் அந்த இடைவெளியில் ஒரு பகுதியை மீட்டுத் தரும், முழுவதையும் தராது.

இதையெல்லாம் எண்ணாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. அதனால் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு அலுவலகத்துக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கண்ணாடி போட்ட மீட்டிங் ரூம் உண்டு. மனைவி உள்ளே போய்த் தன் மேனேஜரிடம் பேசுவதுபோல் பேசினார். கணவர் வெளியே சோஃபாவில். இரண்டு நிமிடம் கழித்து வெளியே வந்து, "என்ன கேட்டது?" என்றார்.

"நீ யாரையோ திட்டினே. யாருன்னு கேக்கலை, ஆனா திட்டினது தெரிஞ்சுது."

"அது போதும்," என்றார் அவர்.

கதவை ஸ்லைடிங்காகக் கேட்டார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும், இடமும் மிச்சம். ஆனால் ஸ்லைடிங் கதவைச் சுற்றி ஒரு விரல் இடுக்கு எப்போதும் இருக்கும். சத்தம் தண்ணீர் மாதிரி, இருக்கிற இடுக்கில் எல்லாம் வழியும். கதவைச் சுற்றி ஓட்டையை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் தடியாக்குவது, ஓட்டை வாளிக்குப் பித்தளைப் பிடி போடுவது போல. அதனால் கீல் வைத்த கதவு, நாலு பக்கமும் ரப்பர், அடியில் கதவு மூடும்போது தானாகக் கீழிறங்கும் டிராப் சீல். மொத்தக் கணக்கில் கண்ணாடியின் விலையைவிட இந்த ஹார்டுவேரும் அலுமினியச் சட்டமும்தான் அதிகம். பட்ஜெட் போடுபவர்கள் சதுர அடிக்குக் கண்ணாடி என்ன விலை என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள். கேட்க வேண்டியது கீல் என்ன விலை என்று.

கிச்சன்

கிச்சன் வேறு கணக்கு. அங்கே சத்தம் இரண்டாம் பட்சம். காற்றும் எண்ணெயும்தான் முதல். கிச்சனை முழுக்கத் திறந்துவிட்டால் டைனிங் ஃபேன் காற்று அடுப்புத் தீயை அலைக்கழிக்கும். சமைக்கும்போது ஃபேனை அணைக்க வேண்டும், அல்லது சாப்பிடுபவர் வியர்க்க வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் ஓப்பன் கிச்சன் அழகாக இருப்பதற்கு ஒரு காரணம், அங்கே யாரும் மிளகாய் வற்றலைக் கிள்ளிப்போட்டுத் தாளிப்பதாகத் தெரியவில்லை.

எட்டு அடித் திறப்பில் மூன்று பலகை ஸ்லைடிங், மேலிருந்து தொங்கும் வகை. தரையில் தண்டவாளம் போட்டால் ஒரே மாதத்தில் துவரம்பருப்பும் கடுகும் அதில் குடியேறிவிடும். தொங்கும் வகைக்குப் பாரம் முழுக்க மேலே பீமில். 10 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. இதற்காகவே பீமில் ஆங்கர் போல்ட் எங்கே வரலாம் என்று என்ஜினீயரை மறுபடி கேட்டோம். சிம்னியின் குழாய் நேராக வெளியே போகிறது. உள்ளேயே சுற்றி வடிகட்டும் வகையை நான் போடுவதில்லை.

இப்போது பழக்கம் என்னவென்றால், தாளிக்கும்போதும் மிக்ஸி ஓடும்போதும் மூடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் திறந்து கிடக்கிறது. பாட்டி காலை ஐந்து மணிக் காபிக்கு மூடிக்கொள்கிறார். கிச்சன் லைட் ஹாலில் விழுகிறது, டம்ளர் சத்தம் விழுவதில்லை.

நாலு மாடி ஏறிய கண்ணாடி

சின்ன அறையில் அசையாமல் நிற்கும் கண்ணாடிப் பலகை ஒவ்வொன்றும் 3 அடி 2 அங்குல அகலம், 8 அடி 3 அங்குல உயரம். எடை சுமார் 73 கிலோ. லிஃப்ட்டுக்குள் உயரம் 7 அடி. குறுக்கே சாய்த்தாலும் கொள்ளாது. இதை நான் முதலிலேயே அளந்திருந்தேன் என்று சொல்ல ஆசைதான். டெம்போவிலிருந்து இறக்கிய பிறகுதான் அளந்தேன். நாலு பேர் உறிஞ்சு கப்பை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் பலகையைச் செங்குத்தாக நிமிர்த்தி, தேர் நிலை திரும்புவதுபோல் திருப்பிக் கொண்டுபோனார்கள். முன்னால் போன பெரியவர் மட்டும் பேசினார், மற்ற மூவரும் மூச்சு விட்டார்கள். மூன்றாவது மாடியில் ஒரு வீட்டு வாசலில் செருப்பு ஸ்டாண்ட். "அம்மா, அந்த ஸ்டாண்டை மட்டும் கொஞ்சம் எடுத்துருங்கம்மா, கண்ணாடி மூலை பட்டா எங்க ஒரு மாசச் சம்பளம் போயிரும்" என்றார். அந்த அம்மா ஸ்டாண்டை எடுத்ததோடு, திரும்பி வரும்போது எல்லோருக்கும் மோர் கொடுத்தார்.

பலகைகள் நின்றன. கதவை மாட்டினோம். பாதி திறந்ததும் கீச்சென்று நின்றது. கிரானைட் பட்டி பக்கத்து டைல்ஸை விட 6 மி.மீ. உயரம். நான் அளவெடுத்தது பட்டி பதிப்பதற்கு முன்பு. பட்டி தரைமட்டத்தில் வரும் என்று வாயால் சொன்னேன், காகிதத்தில் குறிக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். டஃபன்டு ஆன பிறகு கண்ணாடியை வெட்ட முடியாது, ஓட்டை போட முடியாது, ஓரம்கூடத் தேய்க்க முடியாது. எல்லாம் சூளைக்குப் போகுமுன் முடித்திருக்க வேண்டும். புதிதாகச் செய்து வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும் என்றார்கள். கண்ணாடிக்காரப் பெரியவர் குனிந்து பட்டியை விரலால் தடவிப் பார்த்தார். "சார், கண்ணாடிதானே வெட்ட முடியாது? கல்லை வெட்டலாமே" என்றார். மறுநாள் மேஸ்திரி வந்து கதவு சுழலும் இடத்தில் மட்டும் பட்டியைப் பெயர்த்து, அடியில் சிமெண்டைக் கொத்தி, கல்லை இறக்கிப் பதித்தார். ஒரு நாள் கூலியோடு போனது.

குடிவந்த பிறகு

வெளிச்சம் எதிர்பார்த்ததற்கு மேலேயே வந்தது. டைனிங் டேபிளில் பகலில் விளக்கு போடுவதில்லை. கூடவே காலை எட்டு மணி வெயிலும் ஹால்வரை வந்து சோஃபா கையை வெளுக்கத் தொடங்கியது. வெளி ஜன்னலுக்கு ஒரு பிளைண்ட் போட்டோம்.

எதிர்பாராதது எதிரொலி. டைல்ஸ், கண்ணாடி, ஜிப்சம் சீலிங் எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும் பொருட்கள். படத்தில் இருந்த மாதிரி சாமான் குறைத்த ஹாலில் மகள் ஒரு கரண்டியைக் கீழே போட்டால் கோயில் மண்டபம் மாதிரி கேட்டது. தடித்த துணித் திரை, சணல் விரிப்பு, ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி என்று வந்த பிறகுதான் அடங்கியது. 'மினிமலிஸ்ட்' கொஞ்சம் பின்வாங்கியது. அதைப் பற்றி நான் வருத்தப்படவில்லை. சாமான் இல்லாமல் தெரியும் வீட்டில் சாமான் எங்கேயோ இருந்தாக வேண்டும். இங்கே சீலிங் உயரத்துக்கு மூடிய அலமாரி இரண்டும், பரணுக்குக் கதவும் போட்டோம். கொலு பெட்டிகள், அரிசி டிரம், வெட் கிரைண்டர் என்று டிரெட்மில் தவிர எல்லாம் அதற்குள். டிரெட்மில்லை விற்றுவிட்டார்கள்.

நவம்பரில் ஒரு நாள் இரவு மனைவியிடமிருந்து ஒரு படம் வந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனி படர்ந்து, மகள் அதில் விரலால் பூனை வரைந்திருந்தாள். கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் கோத்து நின்றது. "லீக் ஆகுதா?" என்று கேள்வி. லீக் இல்லை. பனி ஹால் பக்கத்தில்தான் இருந்தது. அறைக்குள் ஏசி 18-இல். ஹாலில் மழைக்கால ஈரம், 29 டிகிரி. அப்படிப்பட்ட காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே ஈரத்தை உதறிவிடும். நடுவில் காற்று இடைவெளி இல்லாத கண்ணாடித் தடுப்பின் சூடு இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய நடுவில், அதாவது 23, 24-இல் நிற்கும். குளிர்ந்த சொம்பின் வெளியே நீர் முத்து கோப்பதும் இதே காரணத்தால்தான். செங்கல் சுவராக இருந்தால் ஹால் பக்கம் இவ்வளவு குளிர்ந்திருக்காது. ஏசியை 24-இல் வைக்கச் சொன்னேன். அப்போது கண்ணாடி 26-க்கு மேல் நிற்கும். காற்று வரும் தகட்டைக் கண்ணாடியின் மேல் அடிக்காமல் திருப்பச் சொன்னேன். அதோடு தீர்ந்தது. பூனை போனதில் மகளுக்குத்தான் வருத்தம்.

இரவில் கண்ணாடியின் குணமே மாறும். உள்ளே லைட், வெளியே இருட்டு என்றால் உள்ளே இருப்பவருக்கு அது நிலைக்கண்ணாடி. வெளியே இருப்பவருக்கு சினிமா. "மீன் தொட்டிக்குள்ள உக்காந்து வேலை பாக்குற மாதிரி இருக்கு" என்றார் மனைவி. உட்கார்ந்த நிலையில் முகம் வரும் உயரத்துக்கு ஒரு பட்டை மங்கல் ஃபிலிம் ஒட்டினோம். மேலே வெளிச்சம் வரும், கீழே மகள் தரையில் படுத்துப் படிப்பது தெரியும், நடுவில் மேனேஜரைத் திட்டும் முகம் மட்டும் மறையும்.

ஆனால் கதவுப் பலகையில் ஃபிலிம் வேண்டாம், சுத்தமாகத் தெளிவாக இருக்கட்டும் என்றார்கள். குடிவந்த இரண்டாம் வாரம் பாட்டி அதில் நெற்றியை இடித்துக்கொண்டார். பெரிய அடி இல்லை, ஒரு புடைப்பு. தெளிவான கண்ணாடியில் கண் மட்டத்தில் ஏதாவது அடையாளம் இருக்க வேண்டும் என்பது ஆரம்பப் பாடம். வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொன்னதால் நான் விட்டிருக்கக் கூடாது. வட்டம் ஒட்டலாமா, கோடு ஒட்டலாமா என்று பேச்சு போனது. கடைசியில் பாட்டியிடமே கேட்டோம். அவர் விரலால் மேஜையில் புள்ளி வைத்துக் காட்டினார், ஊரில் வாசலில் போடும் நேர்ப்புள்ளி வரிசை. மகள் அதை அளந்து வரைந்தாள். மங்கல் ஃபிலிமில் சின்னச் சின்ன வட்டங்களாக வெட்டி, கதவின் குறுக்கே இரண்டு வரிசை ஒட்டினோம். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, இரண்டடி கிட்டத்தில் வந்தால் கண்ணில் படும்.

பொருத்தி முடித்து ஒரு வருடம் கழித்துப் பார்க்கப் போனேன். கீல் ஒன்றை இறுக்க வேண்டியிருந்தது. போர் தண்ணீரில் துடைத்துத் துடைத்துக் கீழ்ப் பகுதியில் உப்புக் கறை. வினிகர் கலந்த தண்ணீரைச் சொன்னேன். ஆர்.ஓ. மெஷின் தள்ளும் தண்ணீர் வேண்டாம் என்றும் சொன்னேன், ஏனென்றால் அதில்தான் உப்பு அதிகம். பாட்டி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஊர் வீட்டைப் பற்றிச் சொன்னார்: ரேழியில் நின்றால் முற்றம் தாண்டிக் கொல்லைக் கிணறுவரை ஒரே பார்வையில் தெரியும், கண்ணாடி எதுவும் கிடையாது, மழை பெய்தால் சாரல் உள்ளே வரும். இங்கே அது இல்லை, ஆனால் பரவாயில்லை என்றார். பிறகு அந்தக் கதவைக் காட்டினார்.

"எல்லாம் சரி தம்பி. புள்ளி வெச்சுட்டு கோடு போடாம விட்டுட்டியே."